மேனேஜர் இல்லாத ரூமில் பத்து மணிக்கு உட்காருவது எப்படி?

ஸ்ரீராம்புரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனரம்மா ஒரு பேய்க்கதை சொல்வார். தொண்ணூறுகளில் பெங்களூரின் பல தெருக்களில் வீட்டுக் கதவில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். நாளைக்கு வா என்று அர்த்தம். ராத்திரியில் தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி போகும். பேய்க்குப் படிக்கத் தெரியும், ஞாபகம்தான் கிடையாது.

வேலைக்கு ஞாபகம் உண்டு. நாளைக்கு வா என்று அனுப்பினால் வட்டியோடு வந்து வாசலில் உட்காரும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது.

கம்பெனி கேபில் ஏறிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்ய வந்தவர், பேங்க் பரீட்சைக்கோ சர்வீஸ் கமிஷனுக்கோ பிஜி (பேயிங் கெஸ்ட்) ரூமில் உட்கார்ந்து படிப்பவர், ஆறு மாதத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வேறு வேலை தேடலாம் என்று சேமிப்போடு வந்திறங்கியவர், இவர்களுக்காக எழுதுகிறேன். உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் இருந்தால் 'மணி ஒம்போதாச்சு, இன்னும் என்ன படுக்கை' என்று அம்மாவாவது போர்வையை இழுப்பார். இங்கே ஃபேன் மட்டும் சுற்றும்.

அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். ஏழே முக்காலுக்கு கேப் டிரைவர் போன் அடிப்பார், 'சார், கீழ இருக்கேன்.' அந்த ஒரு போனுக்குப் பயந்தே குளித்திருப்பேன். உள்ளே அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், நேரம் பதிவாகும். பதினொன்றுக்கு டீ. மூன்று மணிக்கு மீட்டிங், அதற்கு முன் எதையாவது முடித்தாக வேண்டும். நான் சுறுசுறுப்பான ஆள் என்று ஆறு வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். வேலையை விட்ட மூன்றாவது வாரம், பகல் பன்னிரண்டரைக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்தது.

கட்டடம் கட்டும் இடத்தில் சவுக்குக் கழியால் சாரம் கட்டுவார்களே, அதுபோல அந்த கேப் போனும் டீயும் மீட்டிங்கும் என்னைச் சுற்றி நின்றிருக்கின்றன. கட்டியது வேறு யாரோ என்பதால் எனக்குக் கண்ணில் படவில்லை. இப்போது தனியாக வந்துவிட்டோம் என்றால் சாரத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். காலை நாலரைக்கு எழு, குளிர்ந்த நீரில் குளி, மனதை இரும்பாக்கு என்கிற வீடியோக்களை எல்லாம் நானும் பார்த்தாயிற்று. பெரும்பாலும் வேலை செய்ய வேண்டிய நேரத்தில்.

முதலில், எந்த வேலை ஓடவில்லை என்று பாருங்கள்

'எனக்கு எதுவுமே ஓட மாட்டேங்குது' என்கிறோம். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் அப்படி இருக்காது. துணி துவைத்திருப்பீர்கள், வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டியிருப்பீர்கள், யாருக்கோ ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். ஓடாதது ஒன்றோ இரண்டோதான். அதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதை நினைத்ததும் வயிற்றுக்குள் என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். பயமா, சலிப்பா, எரிச்சலா, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், தள்ளிப்போடுதலைப் பல வருஷம் ஆராய்ந்த ஃபியூஷியா சிரோய்ஸ், திமொத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதை நேரம் சார்ந்த சிக்கலாகப் பார்ப்பதைவிட மனநிலை சார்ந்த சிக்கலாகப் பார்க்கச் சொன்னார்கள். வேலையை நினைத்தால் ஒரு கசப்பு வருகிறது. அந்தக் கசப்பை இப்போதைக்கு விரட்ட வேலையையே ஒதுக்கி வைக்கிறோம். உடனே நிம்மதி. பில் மட்டும் நாளைக்கு வருகிற ஆளின் பெயரில் போகிறது. அந்த ஆளும் நாமேதான் என்பது அப்போது நினைவில் இருக்காது.

என் கதையையே சொல்கிறேன். ஆப்களுக்குத் தமிழ் வாசகங்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். சென்னைக்காரர் ஒருவருக்கு வேலையை முடித்து அனுப்பியாயிற்று. பதினாலாயிரம் ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட வேண்டும். 23 நாள் போடவில்லை. என் காசு, எனக்கு வர வேண்டிய காசு! அந்த 23 நாளில் அலமாரியைத் துடைத்தேன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன், அவென்யூ ரோடு போய் மூன்று டயரி வாங்கி வந்தேன். நாளைத் திட்டமிடத்தான். கடைசியில் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: 'போன்ல பேசின ரேட்டை அவர் இல்லைன்னு சொல்லிட்டா?' ஆக, செய்ய வேண்டியது இன்வாய்ஸே இல்லை. 'நாம பேசினது இந்த ரேட்தானே சார்' என்று ஒரு வாட்ஸ்அப். அவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். இன்வாய்ஸ் பதினொரு நிமிஷத்தில் போய்விட்டது.

பயம் என்று எழுதியிருந்தால், யாரிடம் என்ன கேட்டால் அது குறையும் என்று பாருங்கள். அந்தக் கேள்விதான் இன்றைய வேலை. ஆரம்பம் தெரியவில்லை என்றால், தெரிந்த ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுவது இன்றைய வேலை. சலிப்பு என்றால் கீழே வரும் படிகள் நன்றாக உதவும். எரிச்சல் என்றால் கொஞ்சம் கவனம். குறைந்த காசுக்கு ஒப்புக்கொண்ட வேலை, வாய் தவறி 'சரி' சொன்ன வேலை இதெல்லாம் எந்த டைமர் வைத்தாலும் நகராது. காசைப் பற்றி மறுபடி பேசுங்கள், இல்லையென்றால் இதோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ரூமை விட்டுக் கிளம்புங்கள்

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி இதுதான்.

பிஜி ரூமில் இருக்கிற ஒரே நாற்காலி கட்டில்தான். சாப்பிடுவது, தூங்குவது, போன் பார்ப்பது, படிப்பது எல்லாம் அந்த ஆறடியில். உடம்புக்கு அந்த இடம் தூக்கத்துக்குத்தான் பழகியிருக்கிறது. அங்கே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் முதுகு மெதுவாகச் சரிய ஆரம்பிக்கும், இருபது நிமிஷத்தில் தலையணை கிடைத்துவிடும். இதில் உங்கள் ஒழுக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செலவில்லாமல் போகக்கூடிய இடங்களில் எனக்குப் பிடித்தது கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் மாநில மத்திய நூலகம். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்று கேட்டாலும் காட்டுவார்கள், சிவப்புக் கட்டடம். நான் ஸ்ரீராம்புரத்தில் பச்சை லைன் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதா லைனுக்கு மாறி, விதான சௌதாவில் இறங்கி நடந்துவிடுவேன். உள்ளே பேப்பர் படிக்கும் பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். லேப்டாப்பை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு போங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதையே சாக்காக வைத்துச் சர்ச் ஸ்ட்ரீட் போய்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு பகலைத் தொலைத்தவன்.

அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரிக்கரையில், அண்ணாசாமி முதலியார் சாலையில், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயும் நூலகம் உண்டு. போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்ப் புத்தகமாக இருக்கும்போது எக்செல் ஷீட்டைப் பார்க்க மனசு வராது. படிக்க வந்தவர்களுக்கு நல்ல இடம், கணக்கு போட வந்தவர்களுக்குச் சோதனை.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் விஜயநகர் பக்கம் போய்ப் பாருங்கள். கோச்சிங் சென்டர்களைச் சுற்றி, மாத வாடகைக்கு இருக்கை தரும் படிப்பறைகள் இருக்கின்றன. மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான். காசு கட்டிவிட்டோமே என்கிற உறுத்தல் இங்கே நல்ல வேலை செய்யும். ஒரேயடியாக மூன்று மாதம் கட்டச் சொல்வார்கள், கட்டாதீர்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு மாதம் கட்டுங்கள். மூன்று மாதம் கட்டினால் உறுத்தல் முதல் மாதத்தோடு செத்துவிடும்.

காபி ஷாப் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு காபிக்கு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு, எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது.

எங்கேயும் போக முடியாத சூழ்நிலை என்றால், வீட்டை விட்டுக் கிளம்புவதை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, வெளியே போகிற சட்டை போட்டு, கதவைப் பூட்டி, தெருமுனை தர்ஷினி (நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டல்) வரை நடந்து, நின்றபடி ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். தர்ஷினியில் உட்கார நாற்காலி கிடையாது என்பது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்று போகப் போகப் புரியும். திரும்பி வந்ததும் கட்டிலில் உட்காரக் கூடாது. மடக்கு மேஜை ஒன்றும் பிளாஸ்டிக் சேர் ஒன்றும் வாங்குங்கள். சேரை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள், கட்டில் முதுகுக்குப் பின்னால் போகட்டும்.

ஒரு சாட்சி பிடியுங்கள்

எங்கள் மாடியில் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே ஒன்பதே காலுக்குத் தர்ஷினியில் பை-டூ காபி வாங்குவோம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவது இந்த ஊரின் நல்ல பழக்கங்களில் ஒன்று. முதல் வாரம் சினிமா பேசினோம். இரண்டாவது வாரம் அவனே ஆரம்பித்தான்.

"அண்ணா, இன்னைக்கு எது?"

"அந்த இன்சூரன்ஸ் ஆப்டா."

"எத்தனை லைன்?"

"நானூறு இருக்கு."

"நானூறை விடுங்கண்ணா. ஒன்றரைக்குள்ள எத்தனை?"

"ஒரு அறுபது."

"சரி. சாப்பிடப் போறப்ப கதவைத் தட்டுவேன், காட்டணும்."

தட்டினான். நாற்பத்தியொன்றுதான் ஆகியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, 'அப்ப சாயந்திரம் பத்தொம்போது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். என் மேனேஜர் யாரும் ஆறு வருஷத்தில் என்னை அவ்வளவு கச்சிதமாகக் கண்காணித்ததில்லை. நானும் அவனை விடவில்லை. 'இன்னைக்கு எது?' என்று நான் கேட்கும்போது 'குவாண்ட்ஸ் பார்க்கலாம்னு இருக்கேண்ணா' என்பான். பார்க்கலாம் என்றால் என்ன, எத்தனை கணக்கு என்று பிடித்துக்கொள்வேன்.

சாட்சியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு விதிதான். உங்கள் மேல் ரொம்பப் பாசம் உள்ளவர் வேண்டாம். 'பாவம் விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று அவரே கதவில் நாளே பா எழுதிவிடுவார். காதலிப்பவரையும் அம்மாவையும் இதில் இழுக்காதீர்கள், வேலையும் நடக்காது, சண்டையும் வரும். இரண்டாவது, அவருக்கும் சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் கணக்குக் காட்டிக்கொண்டே இருப்பீர்கள், மூன்றாவது வாரம் அவர் போனை எடுக்க மாட்டீர்கள்.

அப்படி யாரும் கிடைக்கவில்லையா? பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்கிற வகையும் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் கப்பன் பூங்காவில் புல்தரையில் துணி விரித்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் புத்தகம் படிக்கிற 'கப்பன் ரீட்ஸ்' கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். யாரும் யாரையும் மேய்க்கவில்லை. ஆனாலும் சுற்றி எல்லோரும் தலை குனிந்து படிக்கும்போது நாம் மட்டும் ரீல்ஸ் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை வீடியோ காலிலும் வரவழைக்கலாம். இரண்டு பேரும் சத்தத்தை அணைத்துவிட்டு, கேமராவை மட்டும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அவரவர் வேலை. முதல் நாள் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

குக்கர் விசில் கணக்கு

'நாளையிலிருந்து காலையில் உட்காருவேன்' என்பது திட்டம் ஆகாது. எதற்கு அடுத்து உட்காருவேன் என்று சொல்ல வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்ட தீர்மானங்கள், வெறும் ஆசையாக வைத்த தீர்மானங்களைவிட அதிகமாக நிறைவேறுகின்றன என்பது அதன் சாரம். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கிற வேலை மிச்சமாகிறது. யோசிக்க விட்டால்தானே நாம் வழுக்குவோம்.

நான் போட்ட முடிச்சு: குக்கர் மூன்று விசில் வந்து அடுப்பை அணைத்ததும், ஆவி அடங்கும் வரை ஃபைலைத் திறந்து வைத்து மூன்று வரி. மூன்று வரி எழுதினால் போதும், பிறகு சாப்பிடலாம். பல நாள் ஆவி அடங்கி, சாதம் ஆறி, நான் முப்பதாவது வரியில் இருப்பேன். சில நாள் மூன்றோடு எழுந்துவிடுவேன். அதுவும் கணக்கில் சேரும்.

உங்கள் முடிச்சு உங்கள் நாளில் தவறாமல் நடக்கிற ஒன்றாக இருக்கட்டும். பிஜியில் டிபன் எடுத்து வைக்கும் மணி, தண்ணீர் கேன் வருகிற நேரம், பக்கத்து மசூதி பாங்கு எதுவானாலும் சரி. அலாரம் வைக்காதீர்கள். அலாரத்தை அணைக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு, பாங்கை அணைக்க முடியாது.

உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் என்பதற்கு 25 நிமிஷ முறை எல்லோரும் அறிந்ததுதான். 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, சமையலறையில் இருந்த தக்காளி வடிவ டைமரைத் திருகி வைத்துப் படித்தார். தக்காளிக்கு இத்தாலியச் சொல் பொமொடோரோ என்பதால் முறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. ஆரம்பிக்கவே முடியாமல் தவிக்கும் வாரத்தில் இது மருந்து மாதிரி. ஆனால் எழுத்து, கோடிங் போன்றவற்றில் சூடு பிடித்த பிறகும் மணி அடித்ததே என்று எழுந்து போகாதீர்கள், மணியை அணைத்துவிட்டு உட்காருங்கள். அந்த 5 நிமிஷ ஓய்வில் போனைத் தொட்டால் அது 45 ஆகிவிடும். மொட்டை மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வாருங்கள்.

போன்

ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் போனை வேறு ரூமில் வையுங்கள். ஒரே ரூம்தான் என்றால் பாத்திர அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால். வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் மணி சத்தம் கேட்கும். மற்ற எல்லா அறிவிப்பையும் அணையுங்கள். கட்டுப்பாட்டுக்கென்று ஆப் இறக்குகிறேன் என்று போனைக் கையில் எடுப்பது என்னைப் போன்றவர்கள் செய்கிற வேலை.

கெடு

நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கெடு ஏன் பலிப்பதில்லை? அதை மீறினால் யாருக்கும் வலிக்காது என்று நமக்கே தெரியும். அதனால் அடுத்தவர் கையில் கொஞ்சம் கொடுத்து வையுங்கள். ஒரு மாத வேலை வந்தால் 'மாதக் கடைசியில் தருகிறேன்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்படி வேலை ஊதிப் பெருகும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1955-ல் கிண்டலாக எழுதியது அரசு அலுவலகங்களைப் பார்த்து. தனியாள் விஷயத்தில் இன்னும் மோசம். வேலை ஊதுவது கூட இல்லை, 27-ஆம் தேதி வரை அது பிறப்பதே இல்லை. எனவே, வருகிற வெள்ளிக்கிழமை முதல் ஐம்பது வரி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று கிளையண்டிடம் நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள், தயாரான பிறகு கட்டலாம் என்று இருக்காமல் மாதிரித் தேர்வுக்கு முன்கூட்டியே காசு கட்டித் தேதியைக் குறித்துவிடுங்கள்.

முதலாளி இல்லாதவர்க்கும் அரசாங்கம் சில தேதிகளை இலவசமாகத் தருகிறது. ஒரு வருஷத்துக்கான வருமான வரி, பிடித்தம் போக, 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமானால் முன்கூட்டியே தவணையாகக் கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அந்தந்தத் தேதிக்குள் மொத்தத்தில் 15, 45, 75, 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். உத்தேச வருமானக் கணக்கில் (வரவில் ஒரு பங்கை லாபம் என்று வைத்து வரி கட்டும் முறை) போகும் ஃப்ரீலான்ஸர்களுக்கு மார்ச் 15 ஒன்றே போதும். தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. சம்பளத்தில் இருந்தபோது கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும், அதனால் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. இந்த நான்கு தேதிகளை நான் வேறு காரியத்துக்கும் பயன்படுத்துகிறேன். வரி கட்ட வரவு செலவைப் பார்க்க உட்காரும் அன்றே, கடந்த மூன்று மாதத்தில் எந்த வேலை இழுத்தது, யார் வேலை இழுத்தது என்றும் பார்ப்பேன். ஒரே ஆளின் வேலை மூன்று முறை இழுத்திருந்தால் கோளாறு என் சோம்பலில் இருக்க வாய்ப்பு குறைவு.

ஊருக்குப் போய் வந்த வாரம்

இது நம்மவர்களுக்கென்றே உள்ள பள்ளம். வெள்ளி ராத்திரி ஓசூர் வழியாக பஸ் பிடித்து, தொப்பூர்க் கணவாய் இறங்கி, விடிவதற்குள் சேலம். இரண்டு நாள் அம்மா கைச் சாப்பாடு. ஞாயிறு ராத்திரி திரும்ப ஏறி, திங்கள் விடியற்காலை மடிவாளாவில் தூக்கக் கலக்கத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். ரூமுக்கு வந்தால் பூட்டிய அறையின் வாசனை. அதுவரை மூன்று வாரமாகக் கட்டிய எல்லாம் அந்தத் திங்கட்கிழமைதான் சரியும். பொங்கல், தீபாவளி என்றால் இரண்டு வாரம் காலி.

திங்கள் அன்று பெரிய வேலையைத் தொடவே தொடாதீர்கள். தொட முயன்று, முடியாமல், அந்தக் குற்ற உணர்ச்சியில் செவ்வாயையும் சேர்த்துப் பலி கொடுப்போம். மெயிலுக்குப் பதில், பில், துணி, காய்கறி, இவ்வளவுதான் திங்கள். ஆனால் ஒன்பதே காலுக்குத் தர்ஷினி காபி உண்டு, சாட்சியைப் பார்ப்பது உண்டு. கிளம்புவதற்கு முன், வெள்ளிக்கிழமையே, ஒரு வேலையைப் பாதி வரியில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதைக் கொச்சையாக ஒரு வரி குறித்து வையுங்கள். செவ்வாய் காலையில் வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஒரு பாதி வாக்கியத்தை முடிக்க உட்காருவீர்கள்.

விழுந்த நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக உழைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். இரட்டிப்பும் நடக்காமல் கடன் மும்மடங்காகும். போன நாள் போனதுதான்.

இது எதுவும் ஒத்து வரவில்லை என்றால்

இரண்டு மூன்று வாரமாகப் பிடித்த விஷயத்திலும் மனசு ஒட்டவில்லை, தூக்கமோ சாப்பாடோ தாறுமாறாகிவிட்டது, எழுந்திருப்பதே பாரமாக இருக்கிறது என்றால், டைமரை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் மாதிரியேதான் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எதையும் முடிக்க முடிந்ததில்லை, பொருளைத் தொலைப்பது, நேரம் தவறுவது எல்லாம் கூடவே வருகிறது என்றால், ஏடிஹெச்டி எனப்படும் கவனக் குறைபாடாகவும் இருக்கலாம். அது பெரியவர்களுக்கும் உண்டு, மருந்தும் உண்டு.

பெங்களூரில் இருப்பதில் இந்த ஒரு வசதி இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. போனை விடவே முடியாதவர்களுக்கென்று அங்கே 2014 முதல் ஷட் கிளினிக் என்று தனிப் பிரிவே நடக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இந்த போனையும் தள்ளிப்போடுவோம் என்பது எனக்குத் தெரியும். சாட்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடியுங்கள்.

முதல் வாரத்துக்கு

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பிக்காதீர்கள், வியாழக்கிழமை எதுவும் மிஞ்சாது. முதல் இரண்டு நாள் குளித்து வெளியே போய்வருவது மட்டும். மூன்றாவது நாள் தாளில் அந்த ஒரு வேலையையும் வயிற்றுக்குள் வருவதையும் எழுதுங்கள். நான்காவது நாள் முடிச்சு: எதற்கு அடுத்து, எத்தனை வரி. ஐந்தாவது நாள் பை-டூ காபிக்கு ஆள் தேடுங்கள். மாடியிலோ பக்கத்து ரூமிலோ அதே மாதிரி பகல் பன்னிரண்டரைக்குப் பல் துலக்குகிறவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

கிருஷ்ணகிரிப் பையன் இப்போது தும்கூர் பக்கம் ஒரு பேங்க் கிளையில் இருக்கிறான். அவனுக்கு கேபும் இல்லை, தர்ஷினியும் பக்கத்தில் இல்லை, பத்து மணிக்குக் கவுண்ட்டர் திறந்தாக வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதே காலுக்கு மட்டும் இன்னும் மெசேஜ் வருகிறது. 'அண்ணா, இன்னைக்கு எது?' இந்தக் கட்டுரை என்று பதினேழு நாளாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.